45 எழுத்து நோய்ப்பெயர்: அசை 19-ஆ, 20-ஆ? எங்கே வெட்டிச் சொல்வது?

ஜெலுத்தோங்_ஆசிரியை

வணக்கம். பள்ளி அறிவியல் வாரத்தில் படிவம் 4 மாணவி ஒருத்தி மேடையேறி இந்தச் சொல்லைச் சொல்லி, பிரித்துப் பொருள் விளக்கப் போகிறாள்:

நியூமனோஅல்ட்ரமைக்ரஸ்கொபிக்சிலிகோவொல்கேனோகோனியோசிஸ்

அவளுக்கு 3 நிமிடம் தருவார்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து 5, 6-ஆம் ஆண்டுப் பிள்ளைகளும் கேட்க வருவதால் விளக்கம் தமிழில்தான்.

மூன்று இடத்தில் தடுக்குகிறது. அசை 19 என்று ஒரு தாளில் இருக்கிறது, இன்னொன்றில் 20. எது சரி? அடுத்து, ஆங்கிலத்தில் எழுதும்போது சொல்லின் தொடக்கத்தில் வரும் 'பி' (p) ஏன் ஒலிப்பதில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கடைசியாக, அவள் தொடக்கத்திலிருந்து மனப்பாடம் செய்கிறாள். 'சிலிகோ' வரை ஓட்டமாக வந்துவிட்டு அங்கே தடுமாறுகிறாள். வேறு வழி உண்டா?

செந்தூல்_உயிரியல்

டீச்சர், அசையைப் பிறகு எண்ணலாம். முதலில் சொல்லை உறுப்பு உறுப்பாக வெட்டுங்கள். உறுப்பு தெரியாமல் அசையை எண்ணினால் அது வெறும் ஒலிக்கோவைதான், எந்த இடத்திலும் அறுந்துவிடும்.

உறுப்புகள் ஆறு. ஆங்கில எழுத்துக் கணக்கையும் அடுத்தடுத்துச் சொல்கிறேன், கூட்டிச் சரிபார்க்கலாம்: நியூமனோ 8, அல்ட்ர 5, மைக்ரஸ்கொபிக் 11, சிலிகோ 6, வொல்கேனோ 7, கோனியோசிஸ் 8. மொத்தம் 45.

அசைக் கணக்கு:

நியூ-ம-னோ (3)
அல்-ட்ர (2)
மை-க்ர-ஸ்கொ-பிக் (4)
சி-லி-கோ (3)
வொல்-கே-னோ (3)
கோ-னி-ஓ-சிஸ் (4)

ஆக 19. இருபது என்று எண்ணியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் ஒன்றில் வழுக்கியிருப்பார்கள். 'ஸ்கொ'வை 'இஸ்கொ' என்று சொன்னால் ஓர் அசை கூடும். ஸ்கூலை இஸ்கூல் என்கிறோமே, அதே பழக்கம். அல்லது தொடக்கத்து 'பி'யை ஒலிக்கப் பார்த்து 'பினியூ' என்று ஆக்கினாலும் ஒன்று கூடும்.

பொருள்: நியூமோன் கிரேக்கத்தில் நுரையீரல். அல்ட்ரா லத்தீனில் அப்பால். மைக்ரோஸ் சிறியது, ஸ்கோபெயின் பார்ப்பது, இரண்டும் கிரேக்கம். சிலெக்ஸ் லத்தீனில் சிக்கிமுக்கிக் கல், அதிலிருந்து சிலிக்கா, மணலிலும் கல்லிலும் உள்ள கனிமப்பொருள். வொல்கேனோவுக்கு மூலம் ரோமர்களின் தீக்கடவுள் வல்கன். கோனிஸ் கிரேக்கத்தில் தூசு. கடைசியில் வரும் 'ஓசிஸ்' ஒரு நிலையை, பெரும்பாலும் நோய்நிலையைக் குறிக்கும் விகுதி.

'கோனிஸ்' உங்கள் மாணவிக்குப் புதிதல்ல. பூஞ்சைப் பாடத்தில் வரும் கொனிடியா, அந்தத் தூள் போன்ற வித்துகள், இதே வேரிலிருந்து வந்த பெயர்தான்.

இனி 'பி'. கிரேக்கர்கள் அந்தச் சொல்லில் ப், ந் இரண்டையும் சேர்த்தே ஒலித்தார்கள். ஆங்கிலம் அப்படிச் சொல் தொடங்க இடம் தருவதில்லை, அதனால் எழுத்தில் மட்டும் அது தங்கிவிட்டது. ஆனால் முன்னால் ஓர் உயிர் வந்தால் அதே 'ப்' மறுபடி ஒலிக்கும். மூச்சு நின்றுபோவதற்கு ஆப்னியா என்கிறோம்: 'அ' என்றால் இல்லை, 'ப்னியா' மூச்சு. முந்திய அசையை மூடும் வேலை கிடைத்ததும் 'ப்' ஒலித்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல சான்று ஹெலிகாப்டர். அதை ஹெலி, காப்டர் என்று வெட்டக்கூடாது. ஹெலிகோ, ப்டெர் என்று வெட்ட வேண்டும். ஹெலிக்ஸ் சுருள், ப்டெரோன் சிறகு. டெரோடாக்டைல் என்ற பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் அந்தச் சிறகுதான் இருக்கிறது, அங்கே சொல்லின் தொடக்கத்தில் நிற்பதால் 'ப்' ஒலிப்பதில்லை. இந்த ஒன்றைச் சொன்னால் போதும், கேள்வி தீர்ந்துவிடும்.

மனப்பாடத்துக்கு: வாலிலிருந்து கட்டுங்கள்.

ஓசிஸ்
கோனியோசிஸ்
வொல்கேனோ கோனியோசிஸ்
சிலிகோ வொல்கேனோ கோனியோசிஸ்

இப்படி ஒவ்வோர் உறுப்பாக முன்னால் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்து பழகினால் முதல் உறுப்பை நூறு முறையும் கடைசி உறுப்பைப் பத்து முறையும்தான் வாய் சொல்லியிருக்கும். மூச்சு குறையும் இடத்தில் பழக்கமில்லாத ஒலியும் வந்து சேர்வதால் தடுமாற்றம். வாலிலிருந்து கட்டினால், போகப் போகப் பழகிய தடத்துக்குள் நுழைகிறோம். அவள் 'சிலிகோ'வில் நிற்பது இதனால்தான்.

யாப்பு_பினாங்கு

மேலே சொன்னது சரி. 'அசை' என்ற சொல்லில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் நேரசை, நிரையசை என்று பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். யாப்பில் 'சிலி' இரண்டு குறில் இணைந்த ஒரே நிரையசை, 'கோ' ஒரு நேரசை, ஆக இரண்டு. இங்கே எண்ணுவதோ சி, லி, கோ என்று மூன்று. மொழியியலிலும் அசை என்ற சொல்லையே ஆள்வதால் இந்தக் குழப்பம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் தேசிய மொழியான மலாய்ப் பாடத்தில் வரும் 'சுக்கு காத்தா' என்றால் உடனே பிடிபடும். ஓர் உயிரொலிக்கு ஒரு சுக்கு காத்தா, அவ்வளவுதான். முகவாயின் அடியில் புறங்கையை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை. 'ஓ', 'கே', 'மை' போன்ற இடங்களில் நன்றாகத் தெரியும். 'ட்ர', 'க்ர' மெலிந்து ஒலிப்பதால் கை உணராமல் போகலாம், அங்கே செவியை நம்ப வேண்டும்.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது நடுநடுவே வரும் 'ஓ'. நியூமன்-ஓ, சிலிக்-ஓ. அதற்குத் தனிப்பொருள் கிடையாது. மரம், கிளை இரண்டையும் சேர்க்கும்போது 'மரத்துக்கிளை' என்று நடுவில் 'அத்து' வருகிறதே, அந்தச் சாரியைக்கு என்ன வேலையோ அதே வேலைதான் இந்த 'ஓ'வுக்கும். கிரேக்கச் சொற்களைத் தொகையாக்கும் சாரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உறுப்பு உயிரில் தொடங்கினால் வழக்கமாக இது மறைந்துவிடும்: காஸ்ட்ர் என்ற இரைப்பை வேரோடு ஸ்கோபி சேர்ந்தால் காஸ்ட்ரோஸ்கோபி, ஐடிஸ் சேர்ந்தால் காஸ்ட்ரைடிஸ், 'ஓ' இல்லை. அப்படியானால் நியூமனோ-அல்ட்ரவில் ஏன் நிற்கிறது? 'ஐடிஸ்' வெறும் விகுதி. 'அல்ட்ர' அப்படியல்ல, தனக்கென ஒரு சொல்லைத் தாங்கி நிற்கிறது. இரண்டு உடலுறுப்புப் பெயர்களைச் சேர்க்கும் காஸ்ட்ரோஎன்டரைடிஸிலும் இப்படித்தான், உயிர் வந்தும் 'ஓ' போவதில்லை.

ஒரு பொறி இருக்கிறது. வொல்கேனோவின் 'ஓ' சாரியை இல்லை, அது அந்தச் சொல்லுக்கே உரியது. கோனியோசிஸில் வரும் 'ஓ'வும் சாரியை இல்லை, விகுதியின் முதலெழுத்து. மாணவி 'கோனியோ' என்று வெட்டி 'சிஸ்' என்று ஒரு விகுதி காட்டினால் தவறு. கோனி, ஓசிஸ் என்றே வெட்ட வேண்டும்.

உயிரும் உயிரும் சந்திக்கும் இடம் இரண்டு. னோ + அல், னி + ஓ. நம் வாய் கேட்காமலே உடம்படுமெய்யைக் கொண்டுவரும்: னோவல், னியோ. இலேசாக வந்தால் குற்றமில்லை, ஆங்கிலம் பேசுபவர் வாயிலும் அங்கே மெல்லிய வழுக்கல் உண்டு. ஆனால் 'வ' அழுத்தமாக விழுந்தால் 'வல்ட்ர' என்ற இல்லாத உறுப்பு பிறந்துவிடும். 'னியோ' விரைந்து 'ன்யோ' ஆனால் ஓர் அசை குறைந்து 18 ஆகிவிடும்.

இன்னொன்று, இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். இந்தச் சொல்லின் வரிசை நம் தொகைச்சொல்லின் வரிசைதான். தலைச்சொல் கடைசியில் நிற்கிறது. 'நுண்மணல்தூசு நோய்' என்னும்போது முடிவில் வரும் 'நோய்'தான் முதன்மை, முன்னால் வருவதெல்லாம் அதற்கு அடை. மலாயில் நோயைக் குறிக்கும் 'பென்யாக்கிட்' முதலில் வந்துவிடும், அடையெல்லாம் பின்னால் தொடரும். ஆகவே தமிழில் விளக்கும்போது வரிசையைத் திருப்பிப் போடத் தேவையில்லை.

பட்டர்வொர்த்_படிவம்6

எனக்கு ஒரு சந்தேகம். 'சிலிகோ' என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் 'சிலிgo' மாதிரி மென்மையாகப் படிக்க மாட்டார்களா? 'சிலிக்கோ' என்று எழுதக்கூடாதா?

யாப்பு_பினாங்கு

படிப்பார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் தனித்து வரும் 'க' தமிழில் மெலிந்துதான் ஒலிக்கும். வல்லொலி வேண்டுமானால் 'சிலிக்கோ' என்று எழுதுவதே நம் எழுத்துமுறைக்குப் பொருத்தம், அசையும் மூன்றாகவே நிற்கும்: சி-லிக்-கோ. ஆனால் 'லிக்' என்று இழுத்துப் பிடித்தால் அழுத்தம் தவறான இடத்தில் போய்விடும், இங்கே அழுத்தம் 'சி'க்கு. 'வொல்கே'யில் இந்தச் சிக்கலும் உண்டு. 'செல்கிறேன்' என்பதில் உள்ள 'க' போல மெலியாமல் 'பக்கம்' என்பதில் உள்ள 'க' போல வர வேண்டும். எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் ஒருமுறை சொல்லியும் காட்டிவிடுங்கள்.

'கோனி'யில் இரண்டு சுழி 'ன'. மூன்று சுழி போட்டால் கோணிப்பை ஆகிவிடும், நாக்கும் மேலே மடிந்துவிடும்.

கம்போங்_பாரு_ஒலியியல்

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே சில தடுமாற்றங்கள் உண்டு. மலாய் எழுத்தைப் பார்த்தபடியே படிக்கும் மொழி. அந்தப் பழக்கத்தில் இந்தச் சொல்லைப் படித்தால் 'உல்ட்ரா', 'மிக்ரோ', 'வொல்கானோ' என்று வரும். மலாய்ச் சொல்லாக அவை சரி, ஆங்கிலச் சொல்லாக வேண்டியது அல், மை, கே. மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள், பிழைகளில் பெரும்பங்கு இந்த மூன்றில்தான்.

அழுத்தம்: நியூ, அல், ஸ்கொ, சி, கே, ஓ. உறுப்புக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பலமானது கடைசி 'ஓ'. 'ஓசிஸ்' என்று முடியும் நோய்ப்பெயர் எதுவானாலும் அந்த 'ஓ'தான் தூக்கி ஒலிக்கும். சிலிக்கோசிஸ், டியூபர்குலோசிஸ் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். மை, கோனியின் கோ இரண்டுக்கும் சிறு அழுத்தம் உண்டு, ஆனால் மேடையில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூச்சு வாங்க வேண்டுமானால் 'பிக்' முடிந்த இடத்தில் வாங்கலாம். அல்ட்ரமைக்ரஸ்கொபிக் முழுமையான பெயரடை, தனித்தே நிற்கும். மற்ற இடங்களில் நிறுத்தினால் சொல் பாதியில் தொங்கும். பார்க்கப்போனால் பெயரடையை அப்படியே, சாரியைகூட இல்லாமல், நடுவில் செருகியிருப்பதே இது மருத்துவர் இயல்பாக ஆக்கிய பெயரில்லை என்பதற்கு அடையாளம்.

பயிற்சிக்கு இதைவிடச் சிறிய சொல் வேண்டுமானால் அரசு மருத்துவமனைப் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது: ஓட்டோரினோலாரிங்கோலோகி. காது, மூக்கு, தொண்டைப் பிரிவு. ஆங்கிலத்தில் 19 எழுத்து, 9 அசை: ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-கொ-ல-ஜி. ஓட் காது, ரின் மூக்கு, லாரிங் குரல்வளை, லோஜி இயல். மூன்று 'ஓ' சாரியைகளும் அழகாகத் தெரியும். அழுத்தம் 'கொ'வில்; 'லஜி' என்று முடியும் துறைப்பெயர்களில் அதற்கு முந்திய அசையே தூக்கும், பயாலஜி போல. ஒரு நுட்பம்: மலாயில் 'பாஙுன்' என்பதில் வெறும் ங் ஒலிதான், 'க' கிடையாது. அந்தப் பழக்கத்தில் 'லாரிஙொ' என்று சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு 'தங்கம்' என்பதில் வரும் 'ங்க' அப்படியே பொருந்தும், இங்கே தமிழ் வாய்க்கு வேலையே இல்லை.

இதை இரண்டு நாள் பழகிவிட்டு 45 எழுத்துக்குப் போனால் வெட்டும் முறை கைக்கு வந்திருக்கும்.

கல்லும்_மண்ணும்

ஒலிப்பைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். பொருள் பகுதியில் மாணவி தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தப் பெயர் 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிராளர் கழகக் கூட்டத்துக்காக அதன் தலைவர் எவரெட் ஸ்மித் கட்டியது. ஆகப் பெரிய சொல் வேண்டும் என்பதே நோக்கம். மருத்துவர் எழுதும் பெயர் சிலிக்கோசிஸ். அது நியூமோகோனியோசிஸ் என்ற பெருங்குடும்பத்தில் ஒன்று. அந்தக் குடும்பப் பெயர் உண்மையான மருத்துவச் சொல்; 1867-இல் ஜெர்மன் மருத்துவர் சென்கர் 'நியூமோனோகோனியோசிஸ்' என்று வைத்தார், பின்னாளில் நடுவில் இருந்த 'னோ' தேய்ந்துபோனது. பஞ்சுத்தூசு என்றால் பிசினோசிஸ், இரும்புத்தூசு என்றால் சிடெரோசிஸ், கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டோசிஸ். விகுதி ஒன்றே, தூசு மாறினால் முன்பகுதி மாறும். இதை ஒரு வரி சொன்னாலே பிள்ளைகளுக்குப் பெயர் ஆக்கும் முறை விளங்கிவிடும்.

'அல்ட்ரமைக்ரஸ்கொபிக்' மிகைப்படுத்தல். சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 0.2 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும் சிலிக்காத் துகள்கள் பெரும்பாலும் 5 மைக்ரானுக்குக் கீழே, ஆனால் அவற்றில் பல நுண்ணோக்கிக்கு எட்டும் அளவுதான். ஒப்பிட்டுக் காட்ட, தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிப்பு. துகள் சிறிதாக இருப்பதுதான் தீங்கு. பெரியதை மூக்கும் தொண்டைச் சளியும் பிடித்துவிடும், சிறியது காற்றுப்பை வரை இறங்கும். அங்கே அதை விழுங்கும் காவல் செல்கள் செரிக்க முடியாமல் சாகின்றன, அந்த இடம் வடுவாக இறுகுகிறது.

எரிமலையும் இந்த நோய்க்கு முதன்மைக் காரணமில்லை. கல் வெட்டுதல், துளையிடுதல், மணல் பீய்ச்சுதல் ஆகிய வேலைகளில்தான் ஆபத்து. உள்ளூர் உதாரணம் தேடி யாராவது பத்துமலையைச் சொன்னால் திருத்துங்கள், அது சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட். பினாங்குக் கொடிமலை கிரானைட். கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு, குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அம்மி, உரல், கல்லறைக் கல் கொத்தும் தூசுதான் சரியான உதாரணம். எரிமலைச் சாம்பலே வேண்டுமென்றால் பேராக்கின் லெங்கோங்கில் கிடைக்கிறது. சுமார் 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது வந்து படிந்தது.

ஜெலுத்தோங்_ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. ஹெலிகாப்டரும் சாரியையும் அப்படியே போகின்றன. இரண்டு சிறு கேள்வி. 'இதைவிட நீளமான சொல் டைட்டின் புரதத்தின் பெயர்' என்று யாராவது எழுந்தால் என்ன சொல்வது? நடுவில் மறந்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல்_உயிரியல்

டைட்டினின் முழு வேதிப்பெயர் 189,819 எழுத்து என்பார்கள். அது அமினோ அமிலங்களை வரிசையாக அடுக்கிய சூத்திரம், எந்த அகராதியும் அதைச் சொல்லாக ஏற்கவில்லை. 45 எழுத்துச் சொல் பெரிய ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றது. அகராதியைத் திறக்கும் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி வரலாம்: கோனியோசிஸை 'சி'க்குப் பதில் 'கே' எழுத்தில் தொடங்கும் வடிவமும் உண்டு, கிரேக்க எழுத்தை ஒட்டியது, ஒலிப்பில் மாற்றமில்லை.

மறந்தால் அந்த அசையிலிருந்து தொடரக்கூடாது, அந்த உறுப்பின் தலையிலிருந்து தொடங்க வேண்டும். 'கே'யில் நின்றால் 'வொல்'லுக்குத் திரும்பணும். உறுப்புக்கு ஒன்றாக ஆறு அட்டை, ஒவ்வொன்றிலும் பெரிய தமிழ் எழுத்தில் பொருள் மட்டும்: நுரையீரல், அப்பால், நுண்காட்சி, சிக்கிமுக்கிக் கல், எரிமலை, தூசுநோய். தோழிகள் ஆறு பேர் வரிசையில் நின்று, அவள் சொல்லச் சொல்ல அட்டையை உயர்த்தட்டும். ஒலிப்பை அட்டையில் எழுத வேண்டாம், எழுதினால் கண் அதைப் படிக்கப் போய் 'இஸ்கொ' திரும்பி வந்துவிடும்.

3 நிமிடத்தில் முழுச்சொல் இரண்டு முறை போதும். முதலில் ஒருமுறை வேகம் குறைத்து, அட்டையோடு. விளக்கம் முடிந்தபின் ஒருமுறை, 'பிக்'கில் மட்டும் மூச்சு வாங்கி.